சமத்து சாய்ந்த வருடம்

சமத்து சாய்ந்த அன்று பெரிய காற்றெல்லாம் இல்லை. கொடியில் துணி காயப்போட்டால் கிளிப் மாட்டத் தேவையில்லாத காற்று. காலையில் நான் பார்த்தபோது நின்றுகொண்டிருந்த சோளம், பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்க்கும்போது பாதிக்கு மேல் படுத்திருந்தது. யாருடைய மாடோ புகுந்துவிட்டது என்று நினைத்து ஒரு குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாட்டுக்காரனுக்குச் சேரவேண்டிய வசவெல்லாம் வாயில் தயாராக இருந்தது. மாடு இல்லை. குனிந்து ஒரு சோளத்தட்டையைத் தொட்டேன். அடியில் பஞ்சு மாதிரி அமுங்கியது. உடைத்துப் பார்த்தால் உள்ளே சதை போய் நார்நாராக, கரித்தூள் தூவியது போலக் கறுத்திருந்தது. கதிரைக் கசக்கினேன். கையில் உமிதான் வந்தது. ஊதினேன், அதுவும் பறந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"உங்க அண்ணனைக் கேளு" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. அண்ணனைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சமத்து என்று பெயர் வைத்தவன் என் அண்ணன். சோள ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. அரசாங்கம் அந்த ரகத்துக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் கொடுத்திருக்கிறது, ரயில் டிக்கெட்டில் இருப்பது மாதிரி. அண்ணன் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. அவனுக்கு அது சமத்துதான். ஒரு இடத்தில் ஓஹோ என்று விளைந்துவிட்டு இன்னொரு இடத்தில் காலை வாரிவிடும் ரகங்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "எங்க விட்டாலும் அழாத குழந்தை வேணும் பாப்பா. நல்ல மண்ணு, கெட்ட மண்ணு, மழை ஜாஸ்தி, மழை கம்மி, எங்க போட்டாலும் சொல்பேச்சு கேட்டு விளையணும். அதுதான் ரகம்" என்பான். எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். அப்படி ஒரு குழந்தையைத் தேடித்தான் அவன் வாலிபமெல்லாம் போனது. பதினைந்து வருடம் ஒட்டுச் சேர்த்து, கழித்து, மறுபடி சேர்த்து, கடைசியில் ஒன்று தேறியது. அன்றைக்கு எனக்குப் போன் செய்து, "சமத்து பாப்பா, அவ்வளவு சமத்து!" என்று அழுதான். எங்களுக்கும் பிள்ளை இல்லை, அவனுக்கும் இல்லை. ஊருக்கு அதைப் பற்றி இருந்த கவலை எங்களுக்கு இல்லை. சோளம் பிறந்ததற்குச் சந்தோஷப்பட்டோம்.

பிறந்தால் போதாது, பரீட்சை எழுத வேண்டுமாம். எட்டு இடத்தில் மூன்று வருடம் விதைத்துப் பார்ப்பார்கள். எல்லா இடத்துக் கணக்கையும் சேர்த்து, எது எங்கேயும் தடுமாறாமல் விளைகிறதோ அதற்குத்தான் அனுமதி. ஏழு இடம் கிடைத்துவிட்டது. எட்டாவதாக அண்ணன் எங்கள் நிலத்தைக் கேட்டான்.

"எல்லாமே நல்ல நிலமா இருந்தா அது பரீட்சையே இல்ல மாப்பிள்ளை. மோசமா ஒண்ணு வேணும்."

"நம்மளதை விட மோசமா எங்க போய்த் தேடப் போறீங்க மச்சான்? தாராளமா எடுத்துக்கோங்க" என்றார் இவர்.

அதன்பிறகு இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சிக்கு எங்கள் நிலத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். எதற்காக எடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் நிலம் மேட்டில் இருக்கிறது. மேலே சரளை, கீழே பாறை. அந்தப் பாறையும் ஒழுங்காக ஒரே ஆழத்தில் கிடக்காது. இங்கே முழங்கால் ஆழம் மண் இருக்கும், நாலு எட்டு தள்ளினால் ஒரு சாண்தான். மழை பெய்கிறவரை எல்லாம் ஒன்றாகப் பச்சையாக இருக்கும். நின்றதும் மண்ணின் யோக்கியதை தெரிந்துவிடும். அதில் காலம் காலமாக நாங்கள் போட்டுவந்தது ஒரு சிவப்புச் சோளம். முரடு என்போம். சின்னச் சின்ன மணி, கல் மாதிரி இருக்கும். மாவு மில்காரர் எங்கள் மூட்டையைப் பார்த்தாலே, "உங்களுக்கு மாவு வரும், எனக்குக் கல்லு தேயும்" என்று முகத்தைச் சுளிப்பார். நல்ல மழைக்கும் அரை வயிறு, கெட்ட மழைக்கும் அரை வயிறு. அவ்வளவுதான் முரடு. அதை வைத்து யாரும் முன்னுக்கு வந்ததில்லை, பட்டினி கிடந்ததும் இல்லை.

பரீட்சைக்காக நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ரகமும் மூன்று பாத்தியில், கலைத்துப் போட்டது. ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர்ச் சோளமும் வேண்டும் என்று எங்கள் வீட்டிலிருந்தே ஒரு படி முரட்டை வாங்கி அதற்கும் மூன்று பாத்தி ஒதுக்கினார்கள். பாத்தி முனையில் குச்சி, குச்சியில் எண். பெயர் கிடையாது. "பேர் தெரிஞ்சா உங்களையும் அறியாம அதுக்கு மட்டும் ஒரு குடம் தண்ணி ஜாஸ்தி ஊத்திடுவீங்க" என்றான் அண்ணன். எங்களைப் பார்த்தால் குடம் தண்ணீர் மிச்சம் வைத்திருப்பவர்கள் மாதிரியா இருந்தது?

முதல் வருடம் மழை ஏமாற்றவில்லை. எல்லாப் பாத்தியும் விளைந்தது. ஆட்கள் வந்து அறுத்து, அடித்து, எடை போட்டு, சிரித்துக்கொண்டே போனார்கள். அடுத்த இரண்டு வருடமும் கதிர் வெளியே தலைகாட்டும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. ஒரு பாத்தி நின்றது, பக்கத்துப் பாத்தி படுத்தது, அதற்கடுத்தது பாதிப் பாதி. முரடு மட்டும் மூன்று இடத்திலும் விறைத்துக்கொண்டு நின்றது, அதன் வழக்கப்படி. இரண்டு வருடமும் நிலையத்து ஜீப் வந்தது. அதிகாரி வரப்பை விட்டு இறங்கவே இல்லை. அங்கிருந்தபடியே பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வருஷம் இந்த இடம் செல்லாதும்மா" என்றார்.

மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள். செல்லாது என்றால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. கிழிந்த நோட்டுக்குச் சொல்கிற வார்த்தையாகத்தான் அது எங்களுக்குத் தெரியும்.

அனுமதி வந்ததும் அண்ணன் தானே காரில் விதை கொண்டுவந்தான். பையின் மேல் பச்சை எழுத்தில், எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று போட்டிருந்தது. இவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. எங்கள் மேட்டில் நின்ற பாத்திகளில் சில சமத்துடையதாகத்தான் இருக்கும், அதனால்தான் மச்சான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். நானும்தான். போகும்போது அண்ணன் ஒன்று சொன்னான்.

"பக்கத்துல பழசைப் போடாதீங்க மாப்பிள்ளை. காத்துல மகரந்தம் கலந்துரும். அப்புறம் சமத்து சமத்தா இருக்காது. போட்டா இந்த மேடு முழுக்க இதையே போடுங்க."

நியாயமான பேச்சுத்தான். அவன் தொழிலில் கலப்படம் என்பது பெரிய பாவம். அந்த வருடம் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தோம். மழையும் பெய்தது, முரட்டைப் போல இரண்டு பங்கு விளைந்தது. மணி வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது. இவர் மேட்டில் இருக்கும் மற்ற வீடுகளுக்கெல்லாம் நடையாக நடந்து, ஆளுக்கு ஆள் விதை கொடுத்து, பழசைக் கழியுங்கள் என்று மச்சான் சொன்னதை மச்சானைவிட நன்றாகச் சொன்னார். எல்லோரும் கேட்டார்கள். எங்கள் வீட்டில் தானியக் குதிருக்குள் இருந்த முரட்டு விதையை மில்லுக்கு அனுப்பினேன். "கடைசித் தடவைதானே, அரைச்சுத் தரேன்" என்றார் மில்காரர். அந்த மாவு மழைக்காலம் முழுக்க வந்தது. காலிக் குதிரைக் கழுவி வெயிலில் வைத்தபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து மாய்கிறேன்.

இந்த வருடம் மேடு முழுக்கச் சமத்து. விதைக்கும்போதே இவர் சொன்னார்: "இது கை கொடுத்தா இங்கேயே இருப்போம். கைவிட்டா கிளம்ப வேண்டியதுதான். இன்னொரு மோசமான வருஷத்தைத் தாங்க நம்மகிட்ட ஒண்ணும் இல்ல." ஐம்பத்தைந்து வயதில் அந்த மனிதர் ஒருவன் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. கிளம்புவது என்றால் அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் பயமில்லாமல்தான் விதைத்தோம். எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று அச்சடித்திருந்ததே.

கதிர் வரும் நேரத்தில் மழை நின்றது.

போன் செய்ததும் அண்ணன் மறுநாளே வந்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இறங்கினான். அது அவன் பழக்கம், பயிருக்கு மரியாதை. ஒரு தட்டையைப் பிளந்தான், இன்னொன்றைப் பிளந்தான். பிறகு விழுந்து கிடந்ததை ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டே போனான். சாவு வீட்டுக்கு வந்தவனைக் கூட்டிப்போவது மாதிரி நாங்கள் பின்னால் நடந்தோம்.

"இது எங்கேயுமே வரலையே பாப்பா" என்றான். "ஏழு இடத்துலயும் பார்த்தோம். ஒரு இடத்துல கூட இப்படிச் சாயலையே."

"இங்க?" என்று கேட்டேன்.

"இங்க என்ன?"

"இங்கதான் ரெண்டு வருஷம் சாஞ்சு கிடந்துச்சே அண்ணா. உங்க ஆளுங்க வந்து பார்த்தாங்களே."

"அந்த ரெண்டு வருஷமும் கணக்குல இல்ல. இங்க முதல் வருஷம் மட்டும்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். வாய் திறந்தபடியே இருந்தது. நான் அவனைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

இவர்தான் கேட்டார். "ஏன் கணக்குல இல்ல மச்சான்?"

அண்ணன் சொன்னான். இவருக்குச் சொல்லவில்லை, கையில் பிளந்து வைத்திருந்த தட்டைக்குச் சொன்னான். ஒரு ரகத்தை மூன்று பாத்தியில் போடுவது, மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்கத்தான். ஒன்று நின்று, ஒன்று படுத்து, ஒன்று பாதியாக வந்தால், ஏதோ கோளாறு நடந்திருக்கிறது, அந்த இடத்துக் கணக்கை நம்ப முடியாது என்று அர்த்தம். அப்படி ஆகிற இடத்தை அந்த வருடக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். எல்லா நிலையத்திலும் அப்படித்தான். புதிதாக வந்தவனுக்குக் கூட முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற விதி.

"பாறை மேல இருக்கிற மண்ணுல, மழையும் இல்லாதப்போ, மூணும் எப்படி மச்சான் ஒரே மாதிரி வரும்?" என்றார் இவர்.

"வராது."

"எந்த வருஷமும் வராதே."

"மழை பெஞ்சா வரும்."

இவர் சாய்ந்த சோளத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணனை.

"அப்போ மழை பெஞ்சாத்தான் எங்க நிலம் நிலமா மச்சான்?"

அண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவனை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது. மடியில் போட்டுக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. மோசமான நிலம் வேண்டும் என்று தேடி வந்து கேட்டு வாங்கினான். அது மோசமாக நடந்துகொண்டதும் பரீட்சை ஹாலை விட்டு வெளியே அனுப்பிவிட்டான். எங்கே விட்டாலும் அழாத குழந்தை என்றானே, அழுத இடத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே கேட்டான். "அந்த ரெண்டு வருஷமும் எது நின்னுச்சு?"

"முரடு."

"மூணு பாத்தியிலயுமா?"

"மூணுலயும்தான். அது எப்பவும் நிக்கும். இதுல கேக்க என்ன இருக்கு?"

"எவ்வளவு விளைஞ்சுது?"

"எப்பவும் விளையறதுதான் விளைஞ்சுது" என்றார் இவர். "கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அண்ணன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். அவன் வாலிபமெல்லாம் தேடியது இந்த மேட்டில் கல் மாதிரி மணியோடு நின்றுகொண்டிருந்தது. அதற்கு மூன்று பாத்தி கொடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அளக்காமலே செல்லாது என்று போயிருக்கிறார்கள்.

"விதை இருக்கா?" என்று நிமிர்ந்தான். "முரட்டு விதை. ஒரு கைப்பிடி இருந்தாக்கூடப் போதும் பாப்பா. ஒரு கதிர்ல ஆயிரம் மணி வரும். நிலையத்துல தண்ணி விட்டு வளர்த்து, ரெண்டே போகத்துல உங்க மேடு முழுக்க நானே போட்டுத் தரேன்."

"நீதானே பக்கத்துல வெச்சுக்காதேன்னே?"

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். நாங்கள் வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் குதிரைக் கழுவித்தான் வைத்திருந்தார்கள். கீழ்ப்பக்கத்து நிலத்துக்காரர் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே, "கழிக்கச் சொன்னது யாரு? அந்த மகராசனையே கேளுங்க" என்றார். அந்த மகராசன் இவர்தான், என் பக்கத்தில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து ஊர்களிலும் சிவப்புச் சோளம் உண்டு. ஆனால் அது வேறு, ஆழமான மண்ணில் பழகியது. எங்கள் பாறைக்கு வந்தால் அதுவும் விருந்தாளிதான். அண்ணன் நிலையத்துக்குப் போன் போட்டான். குளிர் அறையில் முரடு ஒரு பாக்கெட் இருந்திருக்கிறது. செல்லாத இடத்து விதை எதற்கு என்று போன வருடம் இடநெருக்கடியில் எடுத்துக் கோழித் தீவனத்தில் கொட்டிவிட்டார்களாம். எங்கள் மேட்டின் கடைசி முரட்டைக் கோழி தின்றது. நாங்களும் தின்றோம். கோழிக்காவது தெரியாமல் தின்ற புண்ணியம் உண்டு.

அப்போதுதான் எனக்கு அண்ணியின் பூச்சாடி ஞாபகம் வந்தது.

அவர்கள் புது ஃப்ளாட்டுக்குப் போனபோது, பணமாகக் கொடுக்க வசதியில்லாமல், ஒரு கட்டு முரட்டுக் கதிரைச் சிவப்பு நூலால் கட்டி எடுத்துப்போயிருந்தேன். அண்ணி அதை வாங்கி, டி.வி. பக்கத்தில் ஒரு உயரமான சாடியில் வைத்தார். வருகிறவர்களெல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்பதாகப் போன் செய்து சொல்லிக்கொண்டே இருப்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் காரைக் கிளப்பிவிட்டான். வழியில் இவர் ஒருமுறை, "எத்தனை கதிர் கொண்டுபோனே?" என்றார். "ஒரு பெரிய கட்டு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஏதோ பெருக்கினார். அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அந்த முகத்தை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கதிர்கள் சாடியில் அப்படியே இருந்தன. ஒரு மணி கூட உதிரவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று மின்னின. இவர் கிட்டப் போய் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"என்ன வாசனை இது?" என்றார்.

"வார்னிஷ் அண்ணா" என்றார் அண்ணி. நல்ல மனசுக்காரி, கெட்டிக்காரியும்கூட. "பூச்சி வந்துருமோன்னு பயம். நாத்தனார் ஆசையா கொடுத்தது, வீணாப் போயிடக் கூடாதுன்னு வருஷா வருஷம் நானே பிரஷ்ஷால அடிப்பேன். பாருங்க, இன்னும் புதுசாட்டம் இருக்கு."

யாருக்கும் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. இவர் ஒரு மணியை உருவி விரலுக்கிடையில் உருட்டினார். நகத்தால் கீறினார். கண்ணாடி மாதிரி வழுக்கியது. அண்ணிக்கு எதுவும் புரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?" என்றார். "இல்லம்மா, நீங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க" என்றார் இவர். அப்படிச் சொல்ல எப்படித்தான் முடிந்ததோ.

அண்ணன் சாடியை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனான். மணிகளை உதிர்த்து, ஒவ்வொன்றாக எடுத்து, பிளேடு முனையால் வார்னிஷைச் சுரண்டினான். சுரண்டியதை ஈரத்துணியில் வரிசையாக வைத்தான். அவனுக்கு வெள்ளெழுத்து, உதவிக்கு ஆள் இருந்தும் யாரையும் தொடவிடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது விரல் நுனியெல்லாம் கீறலாக இருந்தது. "இதெல்லாம் முளைக்குமா அண்ணா?" என்றேன். "முரடுதானே பாப்பா, முளைச்சாலும் முளைக்கும்" என்றான். நிலையத்தின் பெரியவரிடமும் போய் நின்றிருக்கிறான், எட்டாவது இடத்தைக் கணக்கில் சேர்த்து மறுபடி பாருங்கள், பையில் இருக்கிற வாசகத்தையாவது மாற்றுங்கள் என்று. ஏழு இடத்தில் ஜனங்கள் வாழ்த்துகிறார்கள், ஒரு பாறைக்காக அதை எடுக்கவா என்று கேட்டாராம். அதுவும் பொய்யில்லை. அந்த ஏழு இடத்தில் சமத்து இன்றைக்கும் சமத்தாகத்தான் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் என் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு அதில் பொறாமை கூட இல்லை.

அண்ணன் தன் வீட்டிலேயே வந்து இருக்கச் சொன்னான். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. டவுனில் சிமெண்ட் குடோனில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. குடோன் சந்திலேயே ஒரு அறை பிடித்தோம். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மேட்டை விட்டுக் கிளம்பிய அன்று இவர் நிலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரீட்சை முடிந்ததிலிருந்து வரப்போரம் கிடந்த எண் குச்சிகளைப் பொறுக்கி ஒன்றாகக் கட்டி அடுப்புக்கு எடுத்து வந்தார். மேட்டில் இப்போது ஒரு வீட்டிலும் புகை வருவதில்லை என்று கேள்வி.

புது வேலையில் இவர் மேஸ்திரி கூப்பிட்டால் எழுந்து நிற்கிறார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் வருத்தப்படுவார் என்பதால், சாப்பாடு கொண்டுபோனால் குடோன் வாசலிலேயே கொடுத்தனுப்பிவிடுகிறேன்.

அண்ணன் தினமும் போன் செய்வான். "இன்னிக்கும் இல்ல பாப்பா" என்பான். துணியில் பூஞ்சை வந்துவிட்டது என்பான். பாதியை எடுத்து எறிந்துவிட்டேன் என்பான். கேட்டுக் கேட்டு, போன் அடித்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது. சாடியிலிருந்த மணிகளெல்லாம் தீர்ந்து, கடைசித் துணியும் வைத்தாகிவிட்டது என்றான். அதோடு நானே கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவர் வேலை முடிந்து வந்து, வாளித் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சிமெண்ட் நகக்கண்ணில் புகுந்துவிட்டால் லேசில் போகாது. போன் அடித்தது. எடுத்தால் அண்ணன் மூச்சு வாங்கினான்.

"பாப்பா, மாப்பிள்ளை இருக்காரா? போனை அவர்கிட்ட குடு. முளைச்சிருச்சு! மூணு முளைச்சிருச்சு!"

ஸ்பீக்கரில் போட்டு இவர் பக்கத்தில் நீட்டினேன். இவர் கையைத் துடைக்கவில்லை. வாளிப் பக்கம் குனிந்தபடியே கேட்டார்.

"மூணா மச்சான்?"

"மூணு மாப்பிள்ளை. தொட்டியில எடுத்து வெச்சுட்டேன். நானே பக்கத்துல இருக்கேன்."

"மூணும் ஒரே மாதிரி வந்திருக்கா?"

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. குடோனில் இத்தனை மூட்டை இறங்கியிருக்கிறது என்று சொல்கிற குரல். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே வராது.

"இல்ல மாப்பிள்ளை" என்றான். "ஒண்ணு நல்லா வந்திருக்கு. ஒண்ணு சுமார். ஒண்ணு... சாயுது."

இவர் கையை வாளியில் முக்கி எடுத்தார்.

"அப்போ செல்லாது மச்சான்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.